அறுபது விநாடி எச்சரிக்கை

செவெரினுக்கு உருப்படியாக வேறு எதுவும் செய்யத் தெரியாது. சைக்கிள் ஓட்டத் தெரியாது, பல்பு மாற்றத் தெரியாது, கிறிஸ்துமஸுக்கு வாங்கி வந்த மீனைக் கொல்லத் தெரியாது. தெரிந்ததெல்லாம் காது கொடுத்துக் கேட்பதும், கேட்டதைக் கட்டம் போட்ட தாளில் கீறி வைப்பதும்தான். நாற்பத்தொரு வயதில் அவன் பெயர் தலைநகரான வார்சா வரைக்கும் தெரிந்திருந்தது. ஜெர்மனிக்காரர்கள்கூட அவன் இசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆனால் அவன் குடியிருந்த அந்தத் துறைமுக நகரத்தில், மூன்றாம் மாடி வீட்டில், அவனுக்கு ஒரே ஒரு விமர்சகன்தான் இருந்தான். அவன் தம்பி கயெத்தான்.

“அண்ணே, நேத்து ரேடியோவுல உன் பாட்டு வந்துச்சு. யாரோ பன்னி அறுக்கறாங்கன்னு நெனச்சு கீழ்வீட்டுக்காரர் தட்டோட மேல வந்துட்டார், அவருக்கும் ஒரு துண்டு கிடைக்குமான்னு.”

“குடுத்தியா?”

“இது எங்கண்ணன் எழுதினது, இதுல கறியே கிடையாது, எலும்பு மட்டும்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

கயெத்தான் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அவன் மனைவி போகுஷா மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தாள். இரண்டு அறை வீட்டில் மூன்று பேர். ஒரு அறையில் அவர்கள் இருவரும், இன்னொன்றில் செவெரினும் அவன் தாள்களும். தம்பி எவ்வளவு கேலி செய்தாலும், அண்ணன் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பான்.

செவெரினின் இசைக்குத் தாளம் கிடையாது. விநாடிதான் கணக்கு. பழைய ஆட்கள் நாலு நாலாக எண்ணி வாசித்தார்கள் என்றால், இவன் தாளின் மேலே ‘ஏழு விநாடி’, ‘பதினோரு விநாடி’ என்று எழுதிவிட்டு, அடியில் தடித்த கோடும் பல்வரிசை மாதிரிக் கிறுக்கலும் போட்டு வைப்பான். கோடு தடித்தால் சத்தம் தடிக்கும். அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும். டிராம் பிரேக் போட்டாலும் சரி, கல்யாண வீட்டில் சண்டை வந்தாலும் சரி, அவன் கட்டைவிரல் பைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கிவிடும். அந்த விரல் அவன் பேச்சைக் கேட்காது.

எழுபதாம் வருஷ டிசம்பரில், பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மாவுக்கும் கறிக்கும் விலையேற்றினார்கள். எந்தப் புண்ணியவான் கொடுத்த யோசனையோ, அவன் வாயில் மண் விழ. வடக்குக் கரை முழுக்க வேலைநிறுத்தம் வெடித்தது. புதன்கிழமை சாயங்காலம் டிவியில் ஒரு பெரிய தலை தோன்றி, எல்லோரும் நாளைக் காலை வேலைக்குத் திரும்புங்கள் என்று தேன் ஒழுகப் பேசியது. அதே நேரத்தில், தளத்தின் வாசலில் ஒரு ஈயையும் உள்ளே விடாதே என்று பட்டாளத்துக்கு உத்தரவு போயிருந்தது. வா என்று கூப்பிட்டதும் அவர்கள்தான், வாசலில் துப்பாக்கியோடு நின்றதும் அவர்கள்தான்.

அன்றைக்கு கயெத்தான் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று உயிரோடு ஒரு கெண்டை மீன் வாங்கி வந்தான். மூன்று கிலோ இருக்கும். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி விட்டான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை அது தொட்டியில் சுற்றும், வீட்டில் எவரும் குளிக்க முடியாது. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். வருஷா வருஷம் மரச்சுத்தியலை எடுத்து அதைக் கொல்வதும் கயெத்தான்தான்.

வியாழக்கிழமை விடியுமுன் அவன் கிளம்பிப் போய்ப் பத்து நிமிஷம் ஆன பிறகுதான், போகுஷா கட்டி வைத்த ரொட்டிப் பொட்டலம் மேஜைமேலேயே கிடப்பதை செவெரின் பார்த்தான்.

“ஓடுங்க அத்தான், ஸ்டேஷன்ல பிடிச்சுடலாம். மத்தியானம் வரைக்கும் பட்டினி கிடப்பாரு” என்றாள் போகுஷா.

செவெரின் வீட்டுச் செருப்போடு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஸ்டேஷனுக்கும் தளத்துக்கும் நடுவே தண்டவாளத்தின் மேல் ஒரு மரப்பாலம். அதில் கால் வைக்க இடமில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒரு ரயில் வந்து ஆட்களைக் கொட்டியது. பின்னால் இறங்கியவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. அவர்கள் தள்ள, முன்னால் இருந்தவர்கள் வாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ஆயிரம் பூட்ஸ் மரப்பலகையில் உரசும் சத்தம். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் கீழே சாலையில் டாங்கிகள், அவற்றுக்கு முன்னால் சிப்பாய்கள், சிப்பாய்களுக்கும் முன்னால் ஹெல்மெட் போட்ட ஒரு அதிகாரி, கையில் ஒலிபெருக்கி.

கூட்டத்தின் முன்வரிசையில் தம்பியின் சிவப்புக் கம்பளித் தொப்பி தெரிந்தது.

“கலைஞ்சு போங்க!” என்றது ஒலிபெருக்கி. “திரும்பிப் போங்க! இல்லேன்னா சுடுவோம்!” அந்தக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்து கீச்சென்று மேலே ஏறியது.

செவெரினின் கட்டைவிரல் பொத்தானை அமுக்கியது. அவன் வாய் வேறு வேலை பார்த்தது.

“கயெத்தான்! ரொட்டிடா!”

சிவப்புத் தொப்பி திரும்பியது. அண்ணனைக் கண்டுகொண்டு பல் தெரியச் சிரித்து, இதோ வருகிறேன் என்பதுபோல் கையைத் தூக்கியது. அவன் முதுகு இப்போது துப்பாக்கிகளைப் பார்த்து இருந்தது.

அப்போது சுட்டார்கள். கட்டைவிரல் மறுபடி அமுக்கியது.

முதல் சத்தத்திலேயே ஒலிபெருக்கிக்காரன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, நெற்றி முழங்காலில் முட்டக் குந்திவிட்டான். அவன் பின்னாலிருந்தே அல்லவா சுட்டார்கள். தங்கள் ஆளே குந்தும்வரை அவர்கள் பொறுக்கவில்லை. கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் வெட்டிச் சாய்த்த மாதிரி விழுந்தார்கள். பாலத்தின் கைப்பிடி சிராய் சிராயாகத் தெறித்தது. செவெரினுக்குப் பக்கத்தில் நின்ற கிழவரின் தாடை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவர் அப்படியே நின்று, கையால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தார். பின்னால் இன்னொரு ரயில் வந்து நின்று, கதவைத் திறந்து, இன்னும் முந்நூறு பேரைக் கொட்டியது.

செவெரின் படிகளில் உருண்டு இறங்கித் தவழ்ந்து போனான். தம்பி மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. நெஞ்சில் தோட்டா வெளியேறிய இடத்தில் ஒரு முட்டி நுழையும். பனி சிவந்து உருகிக்கொண்டிருந்தது. கயெத்தானின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உலகத்துச் சத்தத்தையெல்லாம் பிடித்து வைத்தவனுக்குத் தம்பியின் கடைசி வார்த்தை கேட்கவில்லை. ரொட்டிப் பொட்டலம் அவன் கையில் அப்படியே இருந்தது.

பிறகு கண்ணீர்ப்புகை. புகைக்குள்ளிருந்து நாலு பேர் வந்து, செவெரினை உதைத்துத் தள்ளிவிட்டு, கயெத்தானைக் காலைப் பிடித்து இழுத்துப் போய் லாரியில் எறிந்தார்கள். அவன் தலை லாரியின் இரும்பு விளிம்பில் மோதியது. ஒரு தடவையில் சரியாக விழவில்லை. மூன்று தடவை. செவெரின் அதையும் எண்ணினான். எண்ணியதற்காகத் தன்னை அவன் சாகும்வரை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போகுஷாவிடம் சொன்னான். அவள் ஊளையிட்டாள். அவன் தன் அறைக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல், கட்டம் போட்ட தாளை எடுத்து எழுத ஆரம்பித்தான். பாலத்துப் பலகை. ரயில் பிரேக். ஒலிபெருக்கி. அதற்கப்புறம் வெற்றிடம். மேலே எண்: நாலு விநாடி. பிறகு தாளே கிழியும்படி தடித்த கோடு.

போகுஷா வாசலில் வந்து நின்றாள்.

“உன் தம்பி செத்துட்டான்டா. நீ பாட்டு எழுதிட்டு இருக்கியா? நீ மனுஷனா?”

எழுதாவிட்டால் மறந்துவிடுவோமோ என்ற பயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ரேடியோ சொன்னது: கலகக்காரர்களுக்கு ஒலிபெருக்கியில் தெளிவான எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. கலைந்து போக முழுதாக அறுபது விநாடி அவகாசம் தரப்பட்டது. கலையாதவர்கள்மீது மட்டுமே, வேறு வழியின்றி, சுட நேர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். அந்தப் பாலத்தில் நின்றவன் எவனுக்கும் இது பொய் என்று தெரியும். ஆனால் நின்றவன் எவனும் வாயைத் திறப்பதாக இல்லை.

சனிக்கிழமை போலீஸ்காரர்கள் வந்து வீட்டைச் சோதனை போட்டார்கள். தொட்டியில் மீனைப் பார்த்து ஒருவன் சிரித்தான். கட்டத் தாளை எடுத்துக்கொண்டார்கள், செவெரினையும்.

திங்கள்கிழமை காலை அவனை ஒரு அறைக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே கேப்டன் ஸ்முதா என்பவர் இருந்தார். நல்ல சட்டை, நல்ல சவரம், மேஜையில் காபி.

“உக்காருங்க புரொபசர். இது என்ன, மீன் முள்ளா? எங்க பசங்க ரெண்டு நாளா வெச்சுப் பாக்கறாங்க. ஒருத்தன் ரகசிய வரைபடம்ங்கறான், ஒருத்தன் ஆஸ்பத்திரியில நெஞ்சுத் துடிப்பு எடுக்கற தாளுங்கறான்.”

“இசை.”

“ஓகோ. இதுல நாலுன்னு இருக்கே, எது நாலு?”

“எச்சரிக்கைக்கும் முதல் தோட்டாவுக்கும் நடுவுல நாலு விநாடி.”

“அறுபது.”

“நாலு. கடிகாரத்துல பிடிச்சேன்.”

“தம்பி சாகறப்போ கடிகாரம் பாத்துட்டு இருந்தீங்களா? பெரிய ஆளுதான்.” ஸ்முதா காபியை உறிஞ்சினார். “எனக்கென்ன தெரியும் புரொபசர், நான் அன்னிக்கு வார்சாவுல இருந்தேன். காகிதத்துல உள்ளதச் சொல்றேன். அறுபதுன்னு காகிதம் சொல்லுது. உங்கள மாதிரி பேர் பெத்தவர் ஒருத்தர் ஆமான்னு ஒரு கையெழுத்துப் போட்டா ஊர் அடங்கிடும். அவ்வளவுதான் வேலை. முடியாதுன்னா, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க!”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்து கீச்சென்று மேலே ஏறியது.

செவெரின் நிமிர்ந்து பார்த்தான். “நீங்க வார்சாவுல இல்ல. ஒலிபெருக்கி உங்க கையிலதான் இருந்துச்சு. முதல் சத்தத்துல தலையப் பொத்திக்கிட்டுக் குந்தினீங்க.”

ஸ்முதா கோப்பையை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

“புரொபசருக்குத் தாளம் வரலையாம். கத்துக் குடுங்கடா.”

வெளியே நீண்ட தாழ்வாரம். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி ஆட்கள், பதினைந்து பதினைந்து பேர், கையில் ரப்பர் தடி. ஆரோக்கிய நடை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நடுவில் ஓட வேண்டும். ஓடி அந்தப் பக்கம் சேர்ந்தால் முடிந்தது என்று சொன்னார்கள். முதல் அடி முதுகில். இரண்டாவது அடியில் மூக்குக்கண்ணாடி தெறித்தது. அதற்கப்புறம் எல்லாம் மங்கல், தடிகள் மட்டும்தான் தெளிவு. ஒருவன் குறி பார்த்து இடது காதோடு சேர்த்து அறைந்தான். உள்ளே ஏதோ கிழிந்து, சூடாகக் கழுத்தில் இறங்கியது. ஒரு விசில் சத்தம் தொடங்கியது. அது பிறகு நின்றதே இல்லை. பாதி வழியில் விழுந்தான். விழுந்தவனை முடியைப் பிடித்துத் தூக்கி, ஆரம்பத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

“முதல்லேர்ந்து வாசிங்க புரொபசர்!” என்று எவனோ கத்த, தாழ்வாரமே சிரித்தது.

இரண்டாம் தடவை விலா எலும்பு இரண்டு போயிற்று. பற்கள் போயின. கூசாமல் சொல்லலாம், மூத்திரமும் போயிற்று. அந்தப் பக்கம் தவழ்ந்தே போய்ச் சேர்ந்தான். ஸ்முதா குனிந்து, நல்ல காதுப் பக்கமாக வந்து பேசினார்.

“கீழ வராந்தாவுல உங்க தம்பி பொண்டாட்டி மூணு நாளா உக்காந்திருக்கா. புருஷன் உடம்பக் குடுங்கன்னு கேக்கறா. சவப்பெட்டியில வெச்சு, பகல்ல, பாதிரியாரோட குடுக்கலாம். இல்ல, சாக்குப்பையில கட்டி எங்கயாவது பொதச்சுட்டு, எங்கன்னு சொல்லாமலும் இருக்கலாம். எது வேணும்?”

செவெரின் கையெழுத்துப் போட்டான். பேனாவைப் பிடிக்க வலது கையை இடது கையால் தூக்க வேண்டியிருந்தது. ‘தெளிவான எச்சரிக்கைக்குப் பின் அறுபது விநாடி.’ அவன் கண் முன்னாலேயே ஸ்முதா கட்டத் தாளை நாலாகக் கிழித்துப் போட்டார். ஸ்டாப்வாட்ச்சை மட்டும் திருப்பிக் கொடுத்தார், கண்ணாடி கீறியிருந்தது.

புதன்கிழமை கயெத்தானைப் புதைத்தார்கள். பகல் என்று பேர், இருட்டுகிற நேரம். பாதிரியாரை அவசரப்படுத்திக்கொண்டே நின்றார்கள். பெட்டியைத் திறந்து பார்க்க போகுஷாவை விடவில்லை. மறுநாள் காலைப் பேப்பரில் அறிக்கை வந்தது, செவெரினின் பெயரோடு.

அன்று கிறிஸ்துமஸ் ஈவ். குளியலறையிலிருந்து சத்தம் கேட்டு செவெரின் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். போகுஷா மீனைத் தொட்டியிலிருந்து தூக்கித் தரையில் போட்டு, கயெத்தானின் மரச்சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள். முதல் அடியிலேயே அது செத்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. தலை கூழாகித் தரையோடு ஒட்டிப்போய்விட்டது. சுவரிலும் அவள் முகத்திலும் செதில்.

“ஒரு நிமிஷம் நின்னாரா? சுடுவோம்னு சொன்னப்புறம் ஒரு நிமிஷம் சொரணை இல்லாம அங்கயே நின்னாரா என் புருஷன்? அப்ப அவரு செத்தது அவரு தப்பு. அப்படித்தானே? அப்படித்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“உடம்ப வாங்கறதுக்காகத்தான் போகுஷா.”

“உடம்பு வந்துச்சு. மானம் போச்சு.” சுத்தியலை அவன் காலடியில் எறிந்தாள். “நீங்க கூப்பிட்டதாலதான் அவரு திரும்பினாரு. அதையாவது நான் மன்னிச்சிருப்பேன்.”

சாயங்காலம் வழக்கப்படி மேஜையில், எதிர்பாராத விருந்தாளிக்கென்று ஒரு தட்டு அதிகமாக வைத்தாள். அந்தத் தட்டின் முன்னால் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஆலையின் விடுதிக்குப் போய்விட்டாள். அதன்பின் மூன்று வருஷம் தெருவில் எதிர்ப்பட்டாலும் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மூன்று வருஷமும் அவன் ஒரே ஒரு படைப்பைத்தான் எழுதினான். கிழித்த தாள் அவன் மண்டைக்குள் கிழியாமல் இருந்தது. பலகை, பிரேக், ஒலிபெருக்கி எல்லாம் அப்படியே இறங்கின. அந்த வெற்றிடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. நாலு என்று எழுதினால் படைப்பும் போகும், அவனும் போவான். ஒரு மாதம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிவிட்டு அறுபது விநாடி சும்மா இருந்து பார்த்தான்.

அம்மாடி, எவ்வளவு நீளம்! அறுபது என்று ரேடியோவில் படிக்க ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால் அதற்குள் உட்கார்ந்து பார்த்தால் அது முடிகிறதே இல்லை. அதற்குள் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாலம் ஏறியிருக்கும். அதற்குள் கயெத்தான் வந்து ரொட்டியை வாங்கி, வீட்டுச் செருப்போடு ஓடி வந்ததற்காக அண்ணனை நாலு கேலி செய்துவிட்டுப் போயிருப்பான். நான் எதில் கையெழுத்துப் போட்டேனோ அதை ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கட்டும் என்று செவெரினுக்குத் தோன்றியது. வெற்றிடத்தின் மேலே அறுபது என்று எழுதினான். படைப்புக்குப் பெயர் ‘அறுபது விநாடி எச்சரிக்கை’ என்று வைத்தான்.

தணிக்கையில் ஒரு எழுத்தைத் தொடவில்லை. அரசாங்க அறிக்கையில் உள்ள அதே வார்த்தை, இதில் எவன் என்ன கண்டுபிடிப்பது? புரொபசருக்குப் புத்தி வந்துவிட்டது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். துறைமுகத்தில் புதிதாகக் கட்டிய கலையரங்கத் திறப்பு விழாவிலேயே வாசிக்கலாம் என்று உத்தரவு வந்தது.

ஒத்திகையில் வாத்தியக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். முதல் வயலின்காரர் ஹிரோனிம் தன் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“இத முட்டியால தட்டணுமா? எங்க தாத்தாவோட வயலின் சார் இது, கதவு இல்ல.”

“கதவுன்னே நெனச்சுக்குங்க. உள்ள விடமாட்டேங்கறாங்கன்னு நெனச்சுத் தட்டுங்க.”

ஹிரோனிம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டினார்.

புது இசைக்கு எவன் காசு கொடுத்து வருவான்? எப்போதும்போலச் சீட்டுகளைத் தொழிற்சங்கம் மூலமாகத் தளத்துக்காரர்களுக்கு வினியோகித்தார்கள். ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு செவெரின் மீன் ஆலை வாசலில் போய் நின்றான். ஷிப்ட் முடிந்து போகுஷா வந்தாள். அவனைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள்.

“ஒரு சீட்டு போகுஷா.”

“உங்க பன்னிச் சத்தத்தக் கேக்கறதுக்கா?”

“அதுல ஒரு நிமிஷம் எவனும் வாசிக்க மாட்டான். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் வந்து உக்காரு. நான் சொன்ன பொய் எவ்வளவு நீளம்னு தெரியும்.”

அவள் செதில் ஒட்டிய விரல்களால் சீட்டை வாங்கிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு போனாள். வருவேன் என்று சொல்லவில்லை.

விழா அன்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஊர்ப் பெரிய மனிதர்கள். நடுநாயகமாக ஸ்முதா, இப்போது மேஜர், பக்கத்தில் நரித்தோல் காலர் போட்ட மனைவி. தன் அறிக்கையைத் தானே கேட்க வந்தவரைப்போல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறாவது வரிசையில் போகுஷா. கோட்டைக் கழற்றவில்லை. நடத்த செவெரினே மேடையேறினான், கையில் கோலுக்குப் பதில் ஸ்டாப்வாட்ச்.

நாற்பத்தெட்டு வாத்தியங்களின் மரத்தில் முட்டிகள் உரசின. பாலத்துப் பலகையில் பூட்ஸ். அடியில் பெரிய பாஸ் வயலின்கள் கிறீச்சிட்டன. ரயில் வந்து நின்றது. ஆட்களைக் கொட்டியது. இன்னொன்று வந்தது, அதற்கு இடமில்லாமல் மரச்சத்தம் நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் தள்ளியது. வார்சாவிலிருந்து வந்த விமர்சகர்கள் குறிப்பெடுத்தார்கள். தளத்துக்காரர்கள் வரிசைகளில் இருமல் நின்றது. எவனும் சிரிக்கவில்லை. பிறகு டிராம்போன் என்ற பித்தளைக் குழல் மூன்று முறை கூப்பிட்டது. மூன்றாவது முறை அதன் குரல் உடைந்து கீச்சென்று மேலே ஏறியது. ஸ்முதா காலைக் கீழே இறக்கினார்.

செவெரின் கையை மூடினான். எல்லாம் நின்றது. கட்டைவிரல் பொத்தானை அமுக்கியது. இசை நடத்துகிற எவரும் செய்யாததை அவன் செய்தான். வாத்தியக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரங்கத்தின் பக்கம் திரும்பினான். அந்த நீளத்தை அவர்கள் முகத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. வேறு எதையும் அவன் எதிர்பார்க்கவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

பதினோராவது வரிசையில் ஒரு நாற்காலி படக்கென்று மடங்கியது. வழுக்கைத் தலை கிரேன் டிரைவர் ஒருவர் தரையில் குப்புற விழுந்து கிடந்தார். இடது பக்கம் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் இருக்கைக்கு அடியில் போனார்கள். ஒரு தாய், முப்பது வயது மகனின் தலையைப் பிடித்து இழுத்துத் தன் மார்புக்கடியில் அமுக்கிக்கொண்டாள். அங்கே, இங்கே, பின்னால் மாடியில், படக் படக்கென்று நாற்காலிகள். ஐம்பது பேர் இருக்கும். ஒரு வாத்தியமும் வாசிக்கவில்லை. யாரும் எதையும் சொல்லவில்லை. அன்று பாலத்தில் நின்ற உடம்புகள் தாமாகவே, சரியாக அந்த இடத்தில், குனிந்துவிட்டன.

முன்வரிசையில் மேஜர் ஸ்முதா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, நெற்றி முழங்காலில் முட்டக் குறுகிக் கிடந்தார்.

செவெரின் கையிலிருந்த முள்ளைப் பார்த்தான். ஐந்தை அது இன்னும் தொடவில்லை.

“என்னங்க? என்னங்க ஆச்சு உங்களுக்கு?” என்று அவர் மனைவி கேட்டது அந்த அமைதியில் மாடிவரை கேட்டது.

டாக்டர்களும் வாத்தியார்களும் வார்சாக்காரர்களும் ஒன்றும் புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். போகுஷா அன்றைக்குப் பாலத்தில் இல்லை. அதனால் அவள் குனியவில்லை. எழுந்து நின்று, தரையில் கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு முன்வரிசையில் குறுகிக் கிடந்த முதுகைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை செவெரின் கண்டான். வரிசையிலிருந்து வெளியே வந்து, நடைபாதையில் இறங்கி, ஸ்முதாவின் முன்னால் போய் நின்றாள். மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

“அத்தான், இன்னும் எவ்வளவு இருக்கு?”

மூன்று வருஷம் கழித்து ‘அத்தான்’ என்ற வார்த்தை. செவெரின் முள்ளைப் பார்த்துச் சொன்னான்.

“நாப்பத்திரெண்டு.”

“நாப்பத்திரெண்டு இருக்காம் சார்” என்றாள் போகுஷா, குனிந்த தலையைப் பார்த்து, நிதானமாக. “இப்பவே ஏன் குனியறீங்க? நிமிந்து உக்காருங்க. என் புருஷன் திரும்பி வந்து ரொட்டிய வாங்கிட்டுப் போற நேரம் இது.”

ஸ்முதா நிமிரவில்லை. மனைவி அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். தரையில் கிடந்தவர்கள் மெல்ல எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே ஓடி ஆள் கூப்பிட ஒருவன்கூட அசையவில்லை. மேடையில் நாற்பத்தெட்டு வில்லும் உயர்ந்து காத்திருந்தன. போகுஷா ஸ்முதாவின் முன்னாலிருந்து ஒரு அடி நகரவில்லை. அந்த நாற்பத்திரண்டையும் அவள் அங்கேயே நின்று முடித்தாள்.

அறுபதாவது விநாடியில் செவெரின் வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பி, கையை இறக்கினான்.